வெயில் தின்ற நெல்லுக்கு யார் கணக்கு எழுதுவது?



முன்னெல்லாம் களத்துமேட்டில் முறத்தை உயர்த்திப் பிடித்து நெல்லைத் தூற்றுவோம். கனத்த நெல் காலடியில் விழும், பதர் காற்றோடு போய்த் தள்ளி விழும். அந்தப் பதர்க் குவியலைப் பார்த்தே இந்த வருஷம் என்ன தேறும் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இப்போது மிஷின் அறுப்பு. அறுக்கிறதும் அதுதான், அடிக்கிறதும் அதுதான், பதரை வயலிலேயே ஊதித் தள்ளிவிட்டுப் போகிறதும் அதுதான். நஷ்டம் நம் கண்ணில் படாமலே சேற்றில் விழுந்துவிடுகிறது. மூட்டை பிடிக்கும்போதுதான், "கதிர் நல்லாத்தானே நின்னுச்சு, மாவுக்கு ஒரு மூட்டை எங்கப்பா போச்சு?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.

வெள்ளம் வரவில்லை. புயல் வரவில்லை. புகையான் இல்லை, ஆனைக்கொம்பன் இல்லை. நட்டது நட்டபடி, உரம் போட்டது போட்டபடி. ஆனாலும் மூட்டையைக் காணோம். அந்த ஒரு மூட்டையைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம்.

ஒரு குறைதீர்க்கும் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் இதைப் பற்றி மனு கொடுத்தோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நல்ல மனுஷர்தான், பொறுமையாக வாசித்தார். வாசித்துவிட்டு, "வெள்ளமா, வறட்சியா, பூச்சியா? இதுல எதுன்னு எழுதுறது?" என்று கேட்டார். "சூடுங்கய்யா" என்றோம். சிரித்துக்கொண்டே, "அப்படி ஒரு கட்டம் இந்தப் படிவத்துல இல்லையே" என்றார். நாமும் சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தோம். வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் அவர் சொன்னதன் பொருள் உறைத்தது. படிவத்தில் கட்டம் இல்லை என்றால் நஷ்டமே இல்லை! செத்த நெல்லுக்குச் சாவுச் சான்றிதழ் கிடையாது!

வெயில் என்றால் பகல் வெயிலைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பகல் சூடும் கெடுதல்தான், மறுக்கவில்லை. நெல் பூ காலை பத்து மணிக்கு மேல் விரியும், உச்சிக்குள் மூடிக்கொள்ளும். அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில்தான் மகரந்தம் கொட்டி மணி பிடிக்க வேண்டும். அப்போது கதிரின் சூடு 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் மலடாகும், மணி பிடிக்காது, பதர்தான். ஆகஸ்டில் பூக்கிற குறுவைக்கு இது பெரிய கண்டம். வயலில் தண்ணீர் நின்றால் பயிர் வேர்த்துத் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். தண்ணீர் இல்லையென்றால் அதுவும் கிடையாது. அதிலும் நம்ம மாதிரி கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம், புழுக்கத்தில் மனுஷனுக்கே வேர்வை காயாதபோது பயிருக்கு எப்படிக் காயும்?

ஆனால் உண்மையான திருடன் ராத்திரியில்தான் வருகிறான். பயிர் பகலில் சம்பாதிக்கும், ராத்திரியில் செலவழிக்கும். சூரிய வெளிச்சத்தில் சேர்த்த மாவுச்சத்தை இரவில் மூச்சு விட்டே கொஞ்சம் கரைக்கும். ராத்திரி குளிர்ச்சியாக இருந்தால் செலவு குறைவு, மிச்சம் மணியில் போய்ச் சேரும். ராத்திரி சூடாக இருந்தால் மூச்சு வாங்கும், சம்பாதித்ததைத் தின்று தீர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் போர்வை இல்லாமல் திண்ணையில் படுக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. இப்போது அதே கார்த்திகையில் ஃபேன் இல்லாமல் யார் வீட்டில் தூங்குகிறார்கள்? நமக்குத் தூக்கம் வராத ராத்திரி, சம்பாப் பயிருக்கும் தூக்கம் வராத ராத்திரி.

இது நாமாகச் சொல்கிற கதை இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸ் என்ற ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் அப்பன் பாட்டன் நட்ட ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20 எல்லாம் அங்கே பிறந்தவைதான். அந்த நிலையத்து விஞ்ஞானிகள் 2004ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 1979 முதல் 2003 வரை அங்கே பகல் வெப்பம் 0.35 டிகிரிதான் கூடியது, இரவு வெப்பமோ 1.13 டிகிரி கூடிவிட்டது. கோடைப் போகத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் நெல் விளைச்சல் 10 சதம் இறங்குகிறது என்று அவர்கள் பண்ணையிலேயே கண்டார்கள். அது அந்த மண்ணின் கணக்கு. நம் மண்ணுக்கு அச்சு அசலாகப் பொருந்தும் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. ஆனால் மாவுக்கு 10 மூட்டை எடுக்கிறவனுக்கு 10 சதம் என்றால் எவ்வளவு? ஒரு மூட்டை! காணாமல் போனதும் அதுதானே?

நம் நாட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020ல் வெளியிட்ட அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. 1901க்குப் பிறகு பதிவான ஆண்டுகளிலேயே அதுவரை இல்லாத சூடான ஆண்டாக இருந்தது 2024. அந்த ஆண்டில் பகல் வெப்பம் வழக்கத்தைவிட 0.20 டிகிரிதான் அதிகம். இரவு வெப்பம் 0.90 டிகிரி அதிகம்! இந்திய வானிலைத் துறையே சொன்ன கணக்கு இது. ஊட்டியில் 2024 ஏப்ரல் கடைசியில் 29 டிகிரி வந்தது என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டார்கள், சுற்றுலா போனவர்கள் ஏமாந்தார்கள் என்று படம் போட்டார்கள். ராத்திரி ஏறிய அந்த 0.90ஐ எந்தப் பேப்பரிலும் கொட்டை எழுத்தில் நாம் பார்க்கவில்லை. "அரை டிகிரி, ஒரு டிகிரியெல்லாம் ஒரு சூடா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வீட்டில் பிள்ளைக்கு உடம்பு 98.6ல் இருந்து 100.4 ஆனால் அதுவும் ஒரே ஒரு டிகிரி செல்சியஸ்தான். அன்றைக்கு யாராவது சும்மா இருக்கிறோமா?

தண்ணீருக்கு வருவோம். சூடு ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். அதாவது காற்றுக்குத் தாகம் கூடுகிறது. அந்தத் தாகத்தை எங்கே தணிக்கும்? நம் ஏரி, குளம், வயல், வாய்க்காலில்தான். ஒரு நாளில் 6 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கோடையில் இது அதிகமில்லை. ஒரு ஏக்கர் குளத்தில் அது 24 ஆயிரம் லிட்டர். நூறு ஏக்கர் ஏரியில் ஒரே நாளில் 24 லட்சம் லிட்டர். மதகு திறக்கவில்லை, மோட்டார் போடவில்லை, யாரும் ஒரு குடம் மொள்ளவில்லை. மேட்டூர் அணை நிரம்பி நிற்கும்போது நீர்ப்பரப்பு சுமார் 59 சதுர மைல். அங்கே ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் போனாலே விநாடிக்கு 300 கன அடி தண்ணீர் வானத்துக்குத் திறந்துவிட்ட மாதிரி! நம் வாய்க்கால் தலைப்பில் முறை வைத்து, சண்டை போட்டு, ராத்திரி முழுக்க மண்வெட்டியோடு காவல் இருந்து வாங்குகிற தண்ணீர் எத்தனை கன அடி என்று யோசித்துப் பாருங்கள்.

அதே காற்று, வாங்கிய ஈரத்தை ஒரு நாள் திருப்பிக் கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் எப்படிக் கொடுக்கிறது? சிறுகச் சிறுகக் கொடுப்பதில்லை, கடன்காரன் வீட்டு ஜப்தி மாதிரி ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. 2016ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதம் குறைந்தது, 1876க்குப் பிறகு அவ்வளவு மோசமான மழை இல்லை. 2017 ஜனவரியில் 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். கருகிய பயிரைப் பார்த்து வயலிலேயே நெஞ்சு வெடித்துச் செத்தவர்கள் நம் டெல்டாக்காரர்கள். அடுத்த வருஷமே, 2018 ஆகஸ்டில் காவிரியில் வந்த வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அதே வருஷம் நவம்பர் 16ல் வேதாரண்யம் பக்கம் கஜா கரை ஏறியது. 2023 டிசம்பரில் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீட்டருக்கு மேல் மழை. மேட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 12ல் திறக்க வேண்டிய அணை 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் தொடர்ந்து அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2024லும் தண்ணீர் இல்லை என்று ஜூலை 28 வரை கதவு மூடியே கிடந்தது, திறந்த இரண்டே நாளில் அணை 120 அடியைத் தொட்டு உபரி கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போயிற்று. குறுவைக்கு நாற்று விட முடியாமல் நின்றவனும் அதே வருஷம், வெள்ளத்தை வேடிக்கை பார்த்தவனும் அவனேதான்.

எல்லாவற்றையும் வெயில் தலையில் கட்டிவிட்டு மற்றவர்களைத் தப்பவிட நாம் தயாரில்லை. ஆற்று மணலை அள்ளித் தீர்த்தது வெயில் இல்லை. ஏரியைத் தூர்த்துப் பட்டா போட்டது வெயில் இல்லை. உரிய காலத்தில் உரிய தண்ணீர் வராததற்குக் கர்நாடகம் பதில் சொல்லியாக வேண்டும். நம் பங்கும் இருக்கிறது, இலவச மின்சாரம்தானே என்று தேவைக்கு மேல் மோட்டாரை ஓடவிடுகிறவர்கள் நம்மிலும் உண்டு. கோபித்துக்கொள்ள வேண்டாம், உள்ளதைச் சொல்கிறோம். ஆனால் இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்கெனவே ஓட்டையாக்கிய பானையில்தான் வெயில் இப்போது அடுப்பு மூட்டுகிறது.

கடைமடைக்காரனுக்கு இன்னொரு கவலை காலடியில் இருக்கிறது. கடலோரத்தில் நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி உயரம் நின்றால், அடியில் சுமார் 40 அடி ஆழத்துக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால் கீழே 40 அடி உப்பு ஏறிவரும். ஆற்றில் தண்ணீர் வராத கோடையில், சூட்டுக்குத் தாளாமல் போர்வெல் தண்ணீரை இரட்டிப்பாக இறைக்கிறோமே, அப்போது நடப்பது இதுதான். அந்தப் பக்கம் கடலும் சும்மா இல்லை. 1951 முதல் 2015 வரை இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி மேல்நீர் சுமார் ஒரு டிகிரி சூடாகிவிட்டது. சூடான தண்ணீர் விரியும், மலைப் பனியும் உருகிச் சேர்கிறது. 1993க்குப் பிறகு வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் வருஷத்துக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்ததாக அந்த 2020 அறிக்கையே சொல்கிறது. ஒரு தலைமுறையில் நாலு விரல்கடை. நிலமோ மட்டமான நிலம், ஆற்று வாயில் கடல் தண்ணீர் ஏறிவர நாலு விரல்கடை போதாதா?

இறால் பண்ணைக்காரர்கள் உப்பைக் கொண்டுவந்து நம் வயலோரம் தேக்கினார்கள். போராடினோம், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2004 டிசம்பர் 26ல் சுனாமி உப்பைக் கொண்டுவந்து கொட்டியது. மழை பெய்து, ஆற்றுத் தண்ணீர் பாய்ந்து, மண்ணைக் கழுவித் திரும்ப நட்டோம். இப்போது உப்பு அடியிலிருந்து வருகிறது. இதை எந்தத் தண்ணீரை விட்டுக் கழுவுவது?

இங்கேதான் ஒரு தீர்ப்பை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2007ல் காவிரி நடுவர் மன்றம் கர்நாடகம் நமக்குத் தர வேண்டியது 192 டி.எம்.சி. என்றது. 2018 பிப்ரவரி 16ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75ல் 10 டி.எம்.சி.க்குச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? தமிழக டெல்டாவில் நிலத்தடி நீர் 20 டி.எம்.சி. இருக்கிறதாம், அதில் 10ஐயாவது கணக்கில் சேர்க்கலாமாம். தீர்ப்பை விமர்சிக்கிற அளவுக்கு நாம் சட்டம் படிக்கவில்லை. ஆனால் நம் ஊர்ப் போர்வெல்லில் வருகிற தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறோம். காகிதத்தில் அது 10 டி.எம்.சி. நல்ல தண்ணீர், வயலில் அது களர். ஒவ்வொரு கோடையிலும் சூடு ஏற ஏற அந்தக் காகிதத் தண்ணீரில் எவ்வளவு உப்பாகிறது என்று வருஷா வருஷம் அளந்து சொல்ல அரசு கடமைப்பட்டிருக்கிறதா, இல்லையா?

மனுஷன் மட்டுமா இதில் மாட்டிக்கொண்டான்? சித்திரையில் குளம் சுண்டும்போது போய்ப் பாருங்கள். சூடான தண்ணீரில் உயிர்க்காற்று தங்காது. முதலில் கெண்டை வாயைப் பிளந்து மேலே வரும், இரண்டு நாளில் வெள்ளையாக மிதக்கும். விராலும் குறவையும் வெளிக்காற்றைக் குடித்துச் சேற்றில் கிடந்து தப்பிக்கும், சேறும் காய்ந்தால் அவையும் இல்லை. மழைக்கு முன்னால் தண்ணீர் தங்கினால்தானே தவளை முட்டையிடும்? தவளை இல்லாத வயலில் பூச்சிக்குக் கொண்டாட்டம். சூட்டில் பூச்சிக்குத் தலைமுறை சீக்கிரம் சீக்கிரமாக வளரும், ஒரு போகத்தில் இரண்டு முறை மருந்து அடித்தவன் நாலு முறை அடிக்கிறான். கடைக்காரர் மட்டும் மகிழ்ச்சியாக இருக்கிறார்.

வடுவூர் ஏரிக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் வருகிற பறவைகள் நம் வயலில் இறங்கிப் பூச்சியையும் நத்தையையும் தின்றுவிட்டுப் போகிறவை. ஏரியில் தண்ணீர் தங்குகிற நாள் குறைந்தால் அவை தங்குகிற நாளும் குறையும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு கடலுக்கும் நமக்கும் நடுவே நிற்கிற வேலி. அலையாத்தி உப்பில் வளரும் மரம்தான், ஆனாலும் அதற்கு ஆற்றுத் தண்ணீர் கொஞ்சம் கலந்தே ஆக வேண்டும், வெறும் உப்பில் அது குட்டையாகிக் குறுகிப்போகும். காவிரித் தண்ணீர் கடலில் போய்ச் சேர்வதையே வீண் என்று பேசுகிற நம் ஆட்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மாட்டைப் பாருங்கள். பாலுக்காக வாங்கிய ஜெர்சிக் கலப்பு வைகாசி வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்குகிறது, பால் பாதியாகிறது, சினை நிற்பதில்லை. பக்கத்திலேயே நம்ம உம்பளச்சேரி மாடு வெயிலில் நின்று வைக்கோலை அசைபோடுகிறது. பால் கம்மிதான், ஆனால் மண்ணுக்குப் பிறந்த மாடு. விதையிலும் அதே கதை. களர்ப்பாளை, குழியடிச்சான் என்று உப்பு நிலத்துக்கென்றே நெல் வைத்திருந்த ஊர் இது. விளைச்சல் போதாது என்று விட்டோம். எல்லோரும் திரும்பப் பழைய நெல்லுக்குப் போங்கள் என்று நாம் சொல்லவில்லை, அதை வைத்துக் கடன் கட்ட முடியாது என்று நமக்கும் தெரியும். சூட்டைத் தாங்குகிற குணம் எந்த நெல்லில் இருக்கிறது என்று தேடி அதை நம் சன்ன ரகங்களில் சேர்த்துக் கொடுக்க ஆடுதுறை நிலையம் இருக்கிறதே, 1922ல் இருந்து நெல்லுக்கென்றே இருக்கிற நிலையம். அதற்கு வேண்டிய பணத்தையும் ஆளையும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நடவு நடுகிற பெண்களைப் பற்றிப் பேசாமல் விட்டால் பாவம். குனிந்த முதுகில் வெயில், கீழே சேற்றுத் தண்ணீரின் சூடு. காலை ஐந்து மணிக்கே இறங்கிப் பத்துக்கு ஏறிவிடுகிறார்கள், அதற்கு மேல் தலை சுற்றுகிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது, வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. அதை வரவேற்கிறோம். சூடும் ஒரு பேரிடர்தான் என்று அரசே கையெழுத்துப் போட்டுவிட்டது! அப்படியானால் அதே சூட்டில் மலடான கதிர் மட்டும் எப்படிப் பேரிடர் இல்லாமல் போகும்? 2022 முதல் 2026 வரைக்கான மத்திய நிவாரண விதிகளின் பட்டியலில் பனி இருந்தது, கடுங்குளிர் இருந்தது, பனிச்சரிவுகூட இருந்தது. வெயில் இல்லை. பட்டியல் எழுதியவர்கள் சித்திரை மாதத்தில் ஒரு நாள் திருத்துறைப்பூண்டிக்கு வந்திருக்கலாம்.

இனிப் பயிர்க் காப்பீடு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016ல் வந்தது. சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதம் நாம் கட்டுகிறோம். இழப்பீடு எப்படி வரும்? கடந்த ஏழு வருஷத்தில் நல்ல ஐந்து வருஷ விளைச்சலின் சராசரியை எடுப்பார்கள். அதில் 70, 80 அல்லது 90 சதம் என்று ஒரு கோடு கிழிப்பார்கள். அறுவடைப் பரிசோதனையில் விளைச்சல் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால்தான் பணம்.

உதாரணத்துக்கு நம் ஊர் சராசரி மாவுக்கு 10 மூட்டை, கோடு 80 சதம் என்று வைத்துக்கொள்வோம். கோடு 8 மூட்டையில் நிற்கும். வெயில் ஒரு மூட்டையைத் தின்றுவிட்டது, 9 மூட்டை எடுத்தோம். கோட்டுக்கு மேலே இருக்கிறோம், அதனால் ஒரு பைசா கிடையாது. போகட்டும். இப்படியே ஏழு வருஷம் 9 மூட்டையே விளைந்தால் என்ன ஆகும்? நம் சராசரியே 9 ஆகிவிடும். கோடு 7.2க்கு இறங்கிவிடும்! அதாவது வெயில் திருடிய மூட்டை, நாம் எப்போதுமே விளைவிக்காத மூட்டை என்று எழுதப்பட்டுவிடும். பிறகு இன்னொரு மூட்டை போனாலும் அதே கதைதான். கொள்ளை அடித்தால் வழக்கு உண்டு, தினம் ஒரு பிடி அள்ளினால் வழக்கு இல்லை. வெள்ளம் கொள்ளைக்காரன், சூடு பிடி பிடியாக அள்ளுகிறவன். ஐந்து மா வைத்திருக்கும் ஒரு சாகுபடிதாரர், குவிண்டால் 2,500 ரூபாய் விலையிலேயே கணக்குப் போடட்டும். 60 கிலோ மூட்டை 1,500 ரூபாய், ஐந்து மாவுக்கு 7,500 ரூபாய். குத்தகைக்கு உழுகிறவனுக்கு மிஞ்சுகிற காசே அவ்வளவுதான்.

ஆகவே நம் சங்கம் கேட்பது இதுதான். கோடு கிழிப்பதற்கு எடுக்கும் சராசரியில், சூட்டால் விளைச்சல் குறைந்த வருஷங்களை வைத்து நம்மை மட்டம் தட்டக் கூடாது, ஒரு கிராமத்தின் கோடு ஒரு முறை நிர்ணயித்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. இரவு வெப்பமும் பூக்கும் காலத்துப் பகல் வெப்பமும் ஓர் அளவைத் தாண்டினால் அதற்கென்று தனி இழப்பீடு வேண்டும். அளக்காமல் எப்படித் தாண்டியது என்று சொல்வது? எனவே ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் வெப்பமானி வைத்துத் தினசரி அளவை ஊராட்சிப் பலகையில் எழுத வேண்டும். கடலோர ஒன்றியங்களில் நிலத்தடி நீர் மட்டத்தையும் உப்பையும் அளந்து வருஷம் இரண்டு முறை கிராமசபையில் வாசிக்க வேண்டும். பூக்கும் பத்து நாளைக்காவது கடைமடைக்குத் தண்ணீர் எட்டும்படி முறைப்பாசன அட்டவணை போட வேண்டும். 'காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டு, மீத்தேன் குறையும்' என்று நமக்குப் பாடம் எடுக்கிறார்கள். செய்வோம், நல்லதுதான். ஆனால் காய்ச்சலுக்குப் பிறகு பாய்ச்சல் வரும் என்ற உத்தரவாதத்தை யார் கொடுப்பது?

அரசு அளக்கட்டும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கப் போவதில்லை. கிளைச் சங்கம் ஒவ்வொன்றும் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பம் இரண்டையும் காட்டுகிற வெப்பமானி ஒன்று வாங்க வேண்டும். நேரடி வெயில் படாத இடத்தில், தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். தகரக் கொட்டகைக்குக் கீழே மாட்டிவிட்டு ஐயோ அம்மா என்று எழுதக் கூடாது, நம் கணக்கைக் கிழிக்க அதுவே போதும். தினமும் காலை எட்டரை மணிக்குப் பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள், வானிலைத் துறையும் காலையில் அந்த நேரத்தில்தான் பார்க்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளிடம் இந்த வேலையை விட்டால் நம்மைவிடச் சரியாகச் செய்வார்கள். மாதம் ஒன்றாம் தேதி ஊர்ப் பொதுக் கிணற்றில் கல் கட்டிய கயிறு விட்டு எத்தனை அடியில் தண்ணீர் என்று அதே நோட்டில் குறியுங்கள். போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து ஈ.சி. அளவு எழுதி வாங்கி ஒட்டி வையுங்கள்.

அறுவடையில் இன்னொரு வேலை. வயலில் மிஷின் இறங்குவதற்கு முன்னால், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கயிறு பிடித்து, அந்தக் கதிரைக் கையால் அறுத்து, அடித்து, தூற்றுங்கள். அரசாங்கம் ஐந்துக்கு ஐந்து மீட்டர் அறுத்து நெல்லை மட்டும் எடைபோடுகிறது. நாம் பதரையும் எடைபோடுவோம். நெல் எவ்வளவு, பதர் எவ்வளவு, எந்த ரகம், என்றைக்கு நட்டது, என்றைக்குப் பூத்தது என்று ஒரு சீட்டில் எழுதி, பதரை ஒரு துணிப் பையில் கட்டி, சீட்டை அதில் போட்டு வையுங்கள்.

சம்பா அறுவடை முடிந்து வருகிற முதல் குறைதீர்க்கும் நாளன்று காலை ஒன்பது மணிக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் கூடுகிறோம். சிட்டா, அடங்கல் நகல், காப்பீடு கட்டிய ரசீது, ஊர் நோட்டு, பதர்ப் பை இவ்வளவும் கையில் இருக்கட்டும். குத்தகைதாரர்கள் ஒப்பந்தக் காகிதம் இல்லையே என்று வராமல் இருந்துவிட வேண்டாம், வி.ஏ.ஓ. சான்று வாங்க சங்கத்து ஆட்கள் கூட வருவார்கள். பெண்கள் கட்டாயம் வர வேண்டும், நிழலும் குடிதண்ணீரும் ஏற்பாடு செய்கிறோம். வாசலில் கோணியை விரித்து எல்லா ஊர்ப் பதரையும் ஒன்றாகக் கொட்டி மரக்காலால் அளப்போம். ஊர்வாரியாக அளவைக் கூவிச் சொல்ல இரண்டு பேர் வேண்டும், நல்ல தொண்டை உள்ளவர்கள் முன்கூட்டியே கிளைச் செயலாளரிடம் பேர் கொடுங்கள்.